நான் நகல் எடுக்காத வரி

எங்கள் மேய்ப்பன்விளையில் ஆட்களுடைய வாயிலிருந்து வார்த்தைகள் காணாமல் போக ஆரம்பித்தது லெந்து என்கிற தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை காலை, முதன்முதலில் போனது டீக்கடை தேவபிச்சை அண்ணாச்சியின் "எங்க காலத்துல". அன்றைக்கு அவர் டீயை ஆற்றிக்கொண்டே அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார், திறந்த வாய் திறந்தபடியே நின்றது, காற்றுதான் வந்தது, டீ நன்றாக ஆறிப் போனது, பிறகு வாயை மூடிக்கொண்டு, "சீனி போதுமா?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷமாக நாளைக்கு நாற்பது தடவை கேட்ட வார்த்தை. அது வராமல் போனதும் டீ கொஞ்சம் கூடுதல் ருசியாக இருந்தது என்றுதான் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

அந்த வார்த்தை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம், என் பிள்ளை நவோமியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, கோடு போட்ட தாளில், குண்டு குண்டாக அதை எழுதி முற்றுப்புள்ளி வைத்தது நான்தான்.

ஞானசொர்ணம் அக்கா நாவல் எழுதுகிறவர். கிறிஸ்தவ மாதப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதையாக வரும், பிறகு புத்தகமாக வரும், இதுவரை பதினாறு வந்துவிட்டது. வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் முடிக்காததால் அவரைச் சித்தி, பெரியம்மா என்று மேலே ஏற்றி வைக்க ஊரில் யாருக்கும் தோன்றவில்லை, பல் முளைக்காத பிள்ளைக்கும் அக்கா, பல் விழுந்தவர்களுக்கும் அக்கா. காலையில் கோயில் மணி அடித்ததும் வாளித் தண்ணீரில் காலைக் கழுவுவார், கால் கழுவாமல் கதைக்குள் போகக் கூடாதாம். அப்புறம் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, நான் சொல்லப் போறது பூராவும் பொய்யி, அதுல உம்ம மனசு நோகாத பொய்யா பாத்துத் தாரும்" என்று ஜெபம் பண்ணுவார். கைவைத்த நாற்காலியின் குறுக்கே ஒரு பலகை, பலகையில் ஞாயிறு பள்ளிப் பரீட்சையின் பழைய வினாத்தாள்கள், அதன் பின்பக்கத்தில் எழுத்து. கருப்பட்டிக் காப்பி மூன்று டம்ளர் போட்டு வைப்பார், மூன்றாவது எப்போதும் ஆறிப்போய்ச் செம்பருத்திச் செடிக்குப் போகும். எழுதினதைக் கோழிகளுக்கு வாசித்துக் காட்டுவார். கோழி நின்று கேட்டால் சரி, நடுவில் எழுந்து போய்விட்டால் பேனாவால் குறுக்கே ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுத மாட்டார், அன்றைக்குக் காதுக்கு வேலை. ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் பெண்கள் நின்று பேசுகிற இடத்தில் ஓரமாக, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி, முக்கால் மணி நேரம் குனிந்தே இருப்பார்.

"எனக்குன்னு ஒரு கதையும் கெடையாதுட்டி பியூலா," என்பார். "காது மட்டுந்தான் உண்டு."

அக்காவின் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும், அதைப் படிக்கத் தெரிந்த ஒரே மனுஷர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவராக இருந்து போன வருஷக் கடைசியில் வேலையை விட்டு நின்றுவிட்டார். புதிதாக வந்தவர்கள், தயவுசெய்து யாரையாவது கொண்டு திருத்தமாக நகல் எடுத்து அனுப்புங்கள் என்று கட்டைத் திருப்பி விட்டார்கள். நான் அப்போது இடுப்பில் பிள்ளையோடு கோயில் வாசல் கரும்பலகையில் அந்த வாரத்து வசனத்தைச் சாக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, கையெழுத்து நிற்கவில்லை. அக்கா பின்னால் வந்து ரொம்ப நேரம் நின்றார்.

"ஏட்டி, இந்த 'ழ' நீயா போட்ட?"

"ஆமாக்கா."

"நாளைக்கு வீட்டுக்கு வா."

யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. மாட்டேன் என்று மட்டும் இல்லை, பொதுவாகவே எதுவும் வராது, நாலு பேர் நிற்கிற இடத்தில் என் நாக்கு ஈரத் துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் போனேன்.

தேவபிச்சை அண்ணாச்சிக்கு அடுத்தபடியாகப் போனது கிரேஸ்லின் மயினியும் அவர்கள் நாத்தனார் பாக்கியசெல்வியும் ஒரு முருங்கை மரத்துக்காக ஒன்பது வருஷமாகப் போட்ட சண்டை. அக்கா அதை எழுதி முடித்த பிறகு நவோமிக்குக் காய்ச்சல் வந்து பதினாலு நாள் நான் தாளைத் தொடவில்லை, அந்தப் பதினாலு நாளும் சண்டை தெருவே அதிர நடந்தது, பதினைந்தாம் நாள் நான் நகல் எடுத்தேன், அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடுப்பில் கைவைத்து வந்து நின்றார்கள், வாயைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். வேலி ஓணான் ஒன்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போயிற்று. கடைசியில் பாக்கியசெல்வி, "கீரை வேணுமா மயினி?" என்று கேட்டாள், வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கும் அக்காவுக்கும் விஷயம் பிடிபட்டது. நான் பயந்து போய் இனிமேல் எழுத மாட்டேன் என்று சொல்ல நினைத்து, சொல்ல வராமல் நின்றேன். அக்கா ஒரு காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "எங் கையெழுத்துல கெடந்தா அதுக்கே அது யாருன்னு தெரியாதுட்டி. நீ எழுதினதும் கண்ணாடில மூஞ்சியப் பாத்த மாதிரி தெரிஞ்சிருது, கெளம்பி வந்துருது."

நினைப்பு போகாது, சொல்வதுதான் போகும். அதே விஷயத்தைச் சுற்றி வளைத்து வேறு மாதிரிச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கல்யாண வீட்டுச் சாம்பாரை மறுநாள் சுடவைத்த மாதிரிதான் இருக்கும்.

பத்திரிகை வந்ததும் ஊரும் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்ததும் கோபித்துக்கொள்வார்கள் என்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன், அவர்களோ அக்கா வீட்டு வாசலில் போய் வரிசை கட்டி நின்றார்கள். எல்லோரிடமும் தொலைத்துவிட நினைக்கிற பேச்சு ஒன்று இருந்தது. "எக்கா, எம் மாமியா சொல்லுத சொல்ல ஒரே ஒரு தடவ கதையில போட்டுருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று மருமகள் வருவாள், அரைமணி கழித்து அதே மருமகள் சொல்வதை எழுதிக்கொண்டு மாமியார் வருவாள், நடைபாதையில் இரண்டு பேரும் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலைமையாசிரியர் சொல்வதைக் கொண்டு வந்தார்கள். தினமும் குடித்துவிட்டு வந்து, "நாளையிலருந்து விட்டுருதேன்" என்கிற சிமியோனின் பெண்டாட்டி அதைக் கொண்டு வந்து கொடுத்தாள், அது நாவலின் ஆறாம் அத்தியாயத்தில் ஏறியது, அன்றிலிருந்து சிமியோன் நாளைக்கு என்று சொல்ல வழியில்லாமல் வீட்டு வாசலில் நின்று முழித்தான், முழித்து முழித்து அலுத்துப் போய் இரண்டு மாசம் குடிக்கவே போகவில்லை.

சபைப் போதகரை எங்கள் பக்கம் ஐயரவாள் என்றுதான் சொல்வோம். அவருக்குப் பிரியமான ஒரு படகு உதாரணம் உண்டு, எந்த வசனத்தை எடுத்தாலும் கடைசியில் அந்தப் படகில் ஏறித்தான் கரைக்கு வருவார். அது எட்டாம் அத்தியாயத்தில் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில், "அன்பானவர்களே, ஒரு பெரிய கடலில்..." என்று கையை விரித்தவர் விரித்தபடி நின்றார், பிறகு ஆமென் என்றார். பிரசங்கம் மொத்தமே பன்னிரண்டு நிமிஷம். அன்றைய ஸ்தோத்திர ஜெபத்தில் சபையார் சொன்ன ஆமென் அந்த வருஷத்திலேயே பெரிய ஆமென். ஆனாலும் ஐயரவாளுக்கு மனசு கேட்கவில்லை, சபை கமிட்டியைக் கூட்டினார், அவர்களும் மூன்று மணி நேரம் பேசி, கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், கீர்த்தனைகள், பந்தியில் "சாம்பார் இந்தப் பக்கம்" என்று கூப்பிடுவது ஆகியவற்றை யாரும் நாவலில் சேர்க்கக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். செயலர் எபனேசர் சார் அதைத் தமது நோட்டில் எழுதிக்கொண்டார். அதோடு ஊர் பழைய மாதிரி நடமாட ஆரம்பித்துவிட்டது, மழைக்குக் குடை எடுக்கிற மாதிரி, அக்கா நிற்கிற இடத்தில் முக்கியமான பேச்சை மட்டும் பேசாமல் இருந்துகொண்டார்கள்.

கஷ்டப்பட்டது அக்காதான். ஆட்கள் கொண்டு வந்து கொடுக்கிற பேச்சைக் கதையில் போட்டால், சிமியோனுடையது மாதிரி ஒன்றிரண்டு தவிர, மற்றதற்கெல்லாம் கோழிகள் எழுந்து போய்விட்டன. "குடுக்கணும்னு குடுக்கது கதைக்கு ஆகாதுட்டி," என்றார். "குடுக்கோம்னு தெரியாம விழுந்ததுதான் ஆகும்." நாவலில் மரியதாய் என்று ஒருத்தி, அவளுக்குப் பிறந்த பிள்ளை மூச்சு விடாமல் கிடக்கிறது, அவள் என்ன சொல்கிறாள் என்பதோடு கதை முடிய வேண்டும், அந்த இடத்தில் மூன்று வாரம் நின்றுவிட்டது. அக்கா ஜெபம் பண்ணினார், உபவாசம் இருந்தார், பேனாவை மாற்றினார். மூன்று காப்பியும் செம்பருத்திக்கே போயிற்று.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், அக்கா நவோமியைக் காலில் வைத்து ஆட்டிக்கொண்டே, "இவ பொறந்தப்ப ரொம்பக் கஷ்டப்பட்டியாமே?" என்று கேட்டார். அங்கே நானும் அவரும் பிள்ளையும்தான். அதனால் எனக்குப் பேச்சு வந்தது.

எங்கள் வீட்டுக்காரர் ஆசீர் வாழைத்தார் ஏற்றுகிற லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். வலி வந்ததும் அதில்தான் வாழைச்சருகைப் போட்டு என்னைப் படுக்க வைத்துக் கொண்டு போனார்கள். தேரிக்காட்டுச் செம்மணலில் சக்கரம் புதைந்துவிட்டது. இவர் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை பிறந்துவிட்டது, ஆனால் அழவில்லை, நாவல்பழ நிறத்தில் கிடந்தது, என் மாமியார் அதன் முதுகைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக ஒரு கீர்த்தனையை முனக ஆரம்பித்துவிட்டார்கள், அது எந்த வீட்டில் பாடுகிற கீர்த்தனை என்று எனக்குத் தெரியும். நான் சருகில் கிடந்தபடியே அண்ணாந்து பார்த்து ஆண்டவரிடம் ஒரு வரி சொன்னேன். சத்தமாக. ஐந்தே வார்த்தை. வேதாகமத்தில் உள்ளது இல்லை, ஜெபம் மாதிரியும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கிப் போன அம்மியைத் திருப்பித் தராவிட்டால் நாம் என்ன தொனியில் கேட்போமோ அந்தத் தொனி. சொல்லி வாய் மூடவில்லை, பிள்ளை அழுதது.

அந்த நிமிஷமே ஆண்டவரிடம் நேர்ந்து பொருத்தனை பண்ணிக்கொண்டேன்: கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, நான் சொன்ன அந்த வரியை அப்படியே சொல்லிச் சாட்சி சொல்வேன் என்று. எங்கள் ஊரில் அந்த வருஷம் இரக்கம் பெற்றவர்கள் அன்றைக்கு எழுந்து சொல்வதுதான் வழக்கம், அது முடிந்துதான் சபையார் எல்லோரும் சேர்ந்து உண்கிற அசனச் சாப்பாடு. போன பண்டிகைக்கு எழுந்தேன். முந்நூறு தலை திரும்பியது. சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இவ்வளவையும் அந்த வரியோடு சேர்த்து அக்காவிடம் சொன்னேன். அதுவரைக்கும் வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. அக்கா முதலில் சிரித்தார், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் போனபோது பலகையில் கடைசி அத்தியாயம் இருந்தது. "முடிஞ்சிட்டுட்டி," என்றார், மூன்று டம்ளரும் காலியாக இருந்தன. "கோழி ஒண்ணு கூட அசையல."

வாசித்தேன். அக்கா கையெழுத்து எனக்கு இப்போது தண்ணீர்பட்ட பாடு. மரியதாய் அண்ணாந்து பார்த்துச் சொல்கிறாள், அவள் சொல்வது என் வரி. அக்காவுக்கு அதைச் செய்தோம் என்றுகூடத் தெரியவில்லை, முகம் அப்படித் தெளிந்து இருந்தது. நான் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை மத்தியானத் தபாலில் அனுப்பியாக வேண்டும். பண்டிகைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

ஆசீரிடம் சொன்னேன். அவர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சரி, போனாப் போகட்டும். நீதான் சொல்லவே போறதில்லையே?"

"சொல்லுவேங்க."

"போன வருசம் எந்திரிச்ச. சேலைய இழுத்துவிட்ட. உக்காந்த. நாங்கூட எதோ பல்லி விழுந்துட்டுன்னு நெனச்சேன்."

அவர் துணியைப் பிழிந்துவிட்டுக் கொஞ்சம் தணிந்து, "சொல்ல முடியாமப் போனா பொருத்தனையும் இல்லைலா? வாயில இல்லாதத ஆண்டவர் எப்படிக் கேப்பாரு? உனக்கும் நிம்மதிதான்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் என்னைப் பயமுறுத்தியது.

சனிக்கிழமை காலையில் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். மணல், சருகு, மாமியார், கீர்த்தனை, எல்லாவற்றையும் எழுதினேன், அந்த முனகலை எழுதி முடித்ததும் அடுக்களையில் என் மாமியார் முனகிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது. "அவள் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்" என்று எழுதினேன். பேனா முனை அங்கேயே நின்று தாளில் ஒரு பொட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்புறம் ஒரு வரி இடத்தைச் சும்மா விட்டேன். அதற்கு அடுத்த வரியில் "பிள்ளை அழுதது" என்று எழுதி, முற்றும் போட்டு, ஒட்டி, தபாலில் போட்டுவிட்டேன். மாட்டேன் என்று நான் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்னது அப்படித்தான், அதுவும் வாயால் இல்லை.

பத்திரிகை வந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு வரி. அக்கா அதைப் பார்த்த அன்றைக்கு நான் போனேன், கதவு சாத்தியிருந்தது. ஒன்பது நாள் சாத்தியே இருந்தது. தெருவில் எதிரே வந்தாலும் கோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டே போய்விடுவார், கோழிகள் அங்கே இல்லாவிட்டாலும். பத்தாம் நாள் ஒரு கட்டுக் கடிதத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நூத்திப் பன்னெண்டு கடிதாசி," என்றார். "எல்லாரும் கேக்கது ஒண்ணுதான், அவ என்ன சொன்னா? ஒரு அம்மா எழுதியிருக்கா, முப்பது வருசமா உங்களப் படிக்கேன், நீங்க எழுதினதுலயே அந்த வெள்ள வரிதான் நல்லாருக்குன்னு. எனக்கு எப்படி இருக்கும் பாரு."

அக்கா நவோமியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை உங்கிட்டக் கேக்காம எடுத்தேம்லா. எல்லாருட்டயும் அப்படித்தான் எடுத்துட்டு இருந்திருக்கேன், போனது அவுங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. உங் கையெழுத்து வந்தப்புறந்தான் தெரிஞ்சுது."

"தப்பா நெனச்சிக்கிடாதீங்கக்கா."

"நெனச்சேன். ஒம்போது நாள் நெனச்சேன்." கடிதக் கட்டை என் பக்கம் தள்ளினார். "இப்ப நீ அதச் சொல்லணும். சொல்லாம வச்சிருக்கதுக்கா என் கதையில ஓட்டை போட்ட?"

பண்டிகை அன்று கோயில் நிரம்பி வாசல் பந்தல் வரைக்கும் ஆட்கள். பின்பக்கம் அசனத்துக்குச் சோறு வடிக்கிற ஆவி ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. சாட்சி சொல்கிறவர்கள் எழும்பலாம் என்று ஐயரவாள் சொன்னதும் நாலைந்து பேர் சொன்னார்கள், பிறகு நான் எழுந்தேன். முந்நூறு தலை திரும்பியது. கை தானாகச் சேலையிடம் போயிற்று, ஆனால் இடுப்பில் நவோமி இருந்தாள், சரிசெய்யக் கை இல்லை. மணல் என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா, மக்கா" என்றார் தேவபிச்சை அண்ணாச்சி. மணலில் சக்கரம் புதைந்ததைச் சொன்னேன், சருகைச் சொன்னேன், சபையே கதையைப் படித்த சபை, மூன்றாம் வரியிலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது, விசிறிகள் நின்றன, சோறு வடிக்கிறவர்கள் கரண்டியோடு ஜன்னலுக்கு வந்தார்கள். "நான் அண்ணாந்து பார்த்துச் சொன்னேன்" என்றேன்.

எபனேசர் சார் சாட்சிகளை எல்லாம் சபை நோட்டில் குறித்துக்கொள்வார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேனாவை எடுத்தார். முன் பெஞ்சில் இருந்த ஞானசொர்ணம் அக்கா எழுந்து, நாலு எட்டு நடந்து போய், அவருடைய நோட்டின் மேல் தன் கையை விரித்து வைத்தார். அந்தப் பேனாவுக்கும் அது பலிக்குமா என்று யாருக்கும் தெரியாது, சோதித்துப் பார்க்க அக்காவுக்கு மனசில்லை. எபனேசர் சார் அக்காவைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

நான் சொன்னேன். ஐந்து வார்த்தை, அதே தொனியில், சத்தமாக.

முதலில் யாரோ ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது, அதைத் தொடர்ந்து கோயில் முழுக்கச் சிரித்தது, சிரித்துக்கொண்டே பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள். ஐயரவாள் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். என் மாமியார் பக்கத்தில் இருந்தவர்களிடம், "ஆமா, இதத்தான் சொன்னா, நான் பக்கத்துல இருந்தேம்லா, அப்பவே எனக்கு வெக்கமாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பந்தியில் சாம்பார் இந்தப் பக்கம் என்பதற்கு நடுநடுவே அந்த வரியை ஆளுக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்கள். சிமியோன் மூன்று தடவை சொன்னான். இப்போது எங்கள் ஊரில் மோட்டார் ஓடாவிட்டாலும், பஸ் வராவிட்டாலும், டாக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தாலும், மேலே பார்த்து அதைத்தான் சொல்கிறார்கள்.

கடிதம் போட்ட நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அக்கா சொல்லி நான்தான் பதில் எழுதினேன், எல்லோருக்கும் ஒரே பதில், அதையேதான் உங்களுக்கும் எழுதுகிறேன். அந்த வரியைத் தாளில் கேட்காதீர்கள். இதையும் நான்தான் குண்டு குண்டாக எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுதிவிட்டால் அது என் வாயில் இருக்காது, நவோமி பெரியவளாகி என்னிடம் கேட்கும்போது அது வேண்டும். நீங்கள் மேய்ப்பன்விளைக்கு வாருங்கள், கோயிலுக்கு இடதுபக்கம் மூன்றாவது வீடு, பகலில் கதவு திறந்துதான் இருக்கும், எத்தனை பேர் வந்தாலும் பரவாயில்லை, வாயால் சொல்கிறேன்.